செத்த நேரம்

கியூமி ஆற்றங்கரைக் காகித ஆலையில் சென்யா கியூருவை அறியாதவர் இல்லை. அறிந்தவர் எல்லாரும் அவளைக் கைகளின் மேல் அமர்ந்திருப்பவள் என்றே அடையாளம் சொல்வார்கள். கட்டுப்பாட்டு அறையின் நாற்காலியில், இரு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, திரையை இமையாது நோக்கியிருப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவளுக்குக் குளிர்கிறதோ என்று ஐயுற்று வெப்பமூட்டியைத் திருகிவிடுவதுண்டு. "குளிர் இல்ல. காவல்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வாராது. அந்தக் காவல் எந்நாளில் தொடங்கியது என்பதே இங்குச் சொல்ல வந்தது.

அவள் முதலில் ஆலையின் ஆய்வறையில் இருந்தாள். சுருளிலிருந்து வெட்டிய காகிதத் துண்டுகளைத் தராசிலிட்டு எடை பார்ப்பதும், ஈரம் பார்ப்பதும் அவள் தொழில். மூன்றாம் இயந்திரத்தின் உலர்பக்கத்தில் வேலைபார்த்த ரெய்னோ கியூருவை மணந்தாள். அங்கே யாரும் மூன்றாம் இயந்திரம் என்று நீட்டிச் சொல்வதில்லை. 'மூன்று' என்றால் போதும், ஊரில் குழந்தைக்கும் விளங்கும். மணமாகி மறு ஆண்டில் மூன்று அவள் கணவனின் இடக்கையில் இரு விரல்களை வாங்கிக்கொண்டது என்ற செய்தி, தராசுத் தட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்த பொழுதில் அவளுக்கு வந்தது. செய்தி கொண்டுவந்தவர் விரல் என்று சொல்லுமுன் கை என்று தொடங்கிவிட்டார். அந்த ஒரு மூச்சளவு இடைவெளியில் அவள் கண்டது முழுதும் வேறு. அந்த அச்சம் பின்பு நெடுநாள் அவளை விட்டு நீங்கவில்லை.

காரணம் இது. இயந்திரத்தில் ஓடும் தாள் எப்பொழுதேனும் அறும். அறுந்தால் ஊதல் ஒலிக்கும். ஆனால் இயந்திரம் நிற்காது. மரக்கூழ் வந்துகொண்டே இருக்கும், வலை ஓடிக்கொண்டே இருக்கும், கொதிக்கும் இரும்பு உருளைகள் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின் நடுவே ஆட்கள் சென்று கிழிசலை அள்ளிக் களைந்துவிட்டு, தாளின் ஓரத்திலிருந்து நாடாப்போல் ஒரு சிறு கீற்றைப் பிரித்து, உருளை உருளையாகக் கடத்திச் சுருள்வரை கொண்டுசேர்க்க வேண்டும். அக்கீற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தலை'. தலையை ஏற்றுவது என்றால் உயிருள்ள கையை உயிரற்ற வாய்க்கு அருகே கொண்டுபோவது. ரெய்னோவின் வேலை அதுதான். ஆய்வறையில் அமர்ந்து ஊதல் கேட்கும்போதெல்லாம் சென்யாவின் தராசு முள் ஆடும். தட்டில் பட்டிருப்பது அவள் கை.

ஆலை கணிப்பொறிகளை வாங்கிக் கட்டுப்பாட்டு அறையைக் கண்ணாடியால் எழுப்பியபோது, ஆய்வறையிலிருந்து ஒருவரை அங்கே வைக்க எண்ணினார்கள். அவள் தானே முன்வந்தாள். சம்பளத்துக்காக என்று ஊர் நினைத்தது. அவள் நினைப்பு வேறு: தாளின் எடை சீராயிருந்தால் தாள் அறாது, அறாவிட்டால் தலை ஏற்ற வேண்டியதில்லை, ஏற்றாவிட்டால் ரெய்னோ பலகையில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான். கூழைக் கூட்டிக் குறைத்து அவனைக் காக்கும் வால்வு அங்கே இருக்கிறது என்று போனாள். போய் அமர்ந்த பிறகே மற்றொன்று விளங்கிற்று. இனி அறுவது அவள் கையாலும் அறலாம்.

அந்த வால்வின் இயல்பு அப்படி. இங்கே கூழைச் சற்றுக் கூட்டினால், அது குழாயில் ஓடி, வலையில் பரவி, நீர் வடிந்து, அழுத்து உருளைகளில் நசுங்கி, உலர் உருளைகள் அனைத்தையும் சுற்றி, கடைசியில் எடை அறியும் அளவியின் கீழ் வந்த பிறகே திரையில் எடை ஏறும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. திருகியது கேட்டதா, கேட்கவில்லையா என்று எவராலும் சொல்ல இயலாது. அந்த இடைவெளிக்கு அவர்கள் தொழிலில் செத்த நேரம் என்று பெயர். நம் பேச்சில் செத்த நேரம் என்றால் சிறு பொழுது. இரு, போகலாம் என்று சொல்லும் இதம் அதில் உண்டு. அவர்கள் சொல்லில் இதம் இல்லை. உயிர் நின்று போன காலம் என்பதே பொருள். ஆயினும் ஆலைக்காரர்கள் நாளடைவில் அதை நம் பொருளிலும் வழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

"வீட்டம்மா, செத்த நேரம். பூட்ஸ கழட்டிட்டு வர்றேன்" என்பான் ரெய்னோ, வாசலில் பனியை உதறியபடி.

"அத வீட்டுக்குள்ள கொண்டு வராத."

"எத? பூட்ஸையா, வார்த்தையையா?"

"ரெண்டையும்."

செத்த நேரத்தில் அவள் செய்வது ஒன்றே: அஞ்சுவாள். வால்வைத் தொட்டுவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் கீழே பலகையில் அமர்ந்திருக்கும் கணவனை நோக்குவாள். பிறகு திரையை. பிறகு அவனை. திரையில் எடைக்கோடு அசையும்வரை இப்படியே. ஆனால் அஞ்சியவள் இருமுறை தொடமாட்டாள். அவள் ஷிப்டு முறையில் மூன்றின் தாள் குறைவாகவே அறுந்தது. ஏன் என்று அவளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு பொம்மை வந்தது.

பொறியாளர் தால்க்விஸ்ட் உணவறைக்குப் பின்னிருந்த சரக்கறையைக் காலிசெய்து, கணிப்பொறிக்குள் ஓர் இயந்திரத்தை அமைத்தார். மூன்றுக்கு உரிய எல்லாத் திரைகளும், எல்லாப் பொத்தான்களும், அதே இடத்தில், அதே நிறத்தில். உள்ளே கூழ் இல்லை, நீராவி இல்லை, ஓசை இல்லை. கூழ் என்ன செய்யும், நீர் எப்படி வடியும், உருளை எவ்வளவு உலர்த்தும் என்பதையெல்லாம் கணக்காக்கிக் கணிப்பொறிக்கு ஊட்டியிருந்தார். கட்டுப்பாட்டு அறையார் ஒவ்வொருவரும் அதில் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்கள் அதற்குப் 'பொம்மை மூன்று' என்று பெயரிட்டார்கள்.

"ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க" என்றார் தால்க்விஸ்ட் முதல் நாளே. "பொம்மையோட கடிகாரம் வேகமா ஓடும். நெசத்துல ஒரு முழு ஷிப்டு நடக்கறது இங்க காப்பி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். இல்லன்னா செத்த நேரத்துல நீங்கல்லாம் தூங்கிருவீங்க."

"நெசத்துலயும் தூங்கறோம், இஞ்சினியர்" என்றார் மேஸ்திரி ஹுர்மே. அவர் சென்யாவின் முறைக்குத் தலைவர். சிரிக்காமல் பகடி பேசுகிறவர். எல்லாரும் தலையசைத்தார்கள். சென்யாவும் அசைத்தாள். கடிகாரம் வேகமானது என்பதை அறியாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

முதன்முறை பொம்மையில் தாள் அறுந்தபோது அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஊதல் ஒலிக்கவில்லை. கண்ணைத் திறந்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று, அவ்வளவே. யாரும் எழவில்லை. யாரும் கையுறை மாட்டவில்லை. அங்கே பலகை இல்லை. பலகையில் ரெய்னோ இல்லை. வேண்டுமென்றே மறுபடி அறுத்துப் பார்த்தாள். மறுபடியும் சிவப்புக் கீற்று. அவள் சிரித்துவிட்டாள். மணமான மறு ஆண்டிலிருந்து ஓர் இயந்திரத்தின் முன் அவள் சிரித்தது அதுவே முதல்.

அதன்பின் விடுமுறை நாளிலும் போனாள். ஆற்றில் பனிக்கட்டி இறுகிய அந்தக் குளிர்காலம் முழுதும், சரக்கறையின் மங்கிய விளக்கடியில் அமர்ந்து பொம்மையை ஓட்டினாள். திருகினால் உடனே கோடு அசைந்தது. அசையாவிட்டால் மறுமுறை திருகினாள், அசைந்தது. விரல்கள் விரைவு பழகின. பயிற்சி முடிவில் அவளே முதலாவதாகத் தேறினாள். உணவறைக்காரி அவளுக்கென்று ஏலக்காய் ரொட்டி ஒன்றைத் தனியே எடுத்துவைத்தாள்.

"சென்யா இப்ப பியானோ வாசிக்கறா" என்றார் ஹுர்மே.

ரெய்னோ வீட்டில் சொன்னான்: "அந்தப் பொம்மைகிட்ட ஏதோ சொக்குப்பொடி இருக்கு. வீட்டம்மா தூக்கத்துல கூட சிரிக்கறா. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு."

"நீயும் வந்து ஓட்டேன்."

"எனக்கு எதுக்கு? அங்க தலை ஏத்த ஆள் வேணாமே."

அச்சம் தன்னை விட்டு நீங்கியது என்று அவள் தேவாலயத்தில் நன்றி கூறினாள். நன்றி கூறத்தக்கதா அது என்று ஐயுறவில்லை.

பிப்ரவரியில் ஒரு முற்பகல். முந்தைய இரவே கடுங்குளிர் இறங்கி, ஆற்றுநீர் உள்ளே புகும் வாய்மடையில் பனிக்கூழ் அடைத்துக்கொண்டு ஆலைக்கு வரும் நீர் விறைத்திருந்தது. நீர் விறைத்தால் கூழிலிருந்து ஈரம் எளிதில் வடியாது. மூன்றுக்கு அப்படிப்பட்ட நாளில் முரண்டு மிகும். திரையில் எடைக்கோடு மெல்லத் தாழ்ந்தது. சென்யா கூழைச் சற்றுக் கூட்டினாள். கோடு அசையவில்லை. கூட்டினாள்.

நெஞ்சு அறியுமுன் கை செய்து முடித்திருந்தது.

காப்பிக் கோப்பையோடு பின்னால் நின்ற ஹுர்மே கேட்டார்: "ரெண்டு தடவ திருகினியா?"

"இல்ல" என்றாள். பிறகு, "ஆமா" என்றாள்.

அவர் கோப்பையை மேசைமேல் வைத்தார். பொம்மையின் கடிகாரம் அவள் விரலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். அனுப்பிய இரண்டும் இப்போது குழாய்க்குள் வந்துகொண்டிருக்கின்றன. எய்த அம்பை நாணுக்கு அழைக்க இயலாது. கோடு எழுந்தது. வேண்டிய அளவைக் கடந்தும் எழுந்தது. பதறிக் குறைத்தாள், அது வந்துசேருமுன் மறுபடி குறைத்தாள். மேடும் பள்ளமுமாகத் திரையில் அலை அடித்தது. தாள் மெலிந்தது. மெலிவைக் கண்டு கூட்டினாள். பொம்மையில் இத்தகைய அலையை அவள் பன்முறை அடக்கியிருக்கிறாள். இது அடங்கவில்லை. பள்ளத்தின் அடியில் தாள் அறுந்தது.

ஊதல் ஒலித்தது.

கீழே ரெய்னோ கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். கையுறைகளை இழுத்து மாட்டினான். தன் துணையாளிடம் ஏதோ சொன்னான், அவன் சிரித்தான். உருளைகளை நோக்கி நடக்குமுன், வழக்கம்போல் கண்ணாடியை அண்ணாந்து பார்த்து இடக்கையை உயர்த்தினான். கையுறையில் இரு விரல்கள் வெறுமையாய்த் துவண்டு தொங்கின.

"ஹுர்மே, நான் கடைசியா கூட்டினது இன்னும் வரல" என்றாள்.

"என்னது?"

"இன்னும் வரல. தலையோட சேந்து வரும்."

ஹுர்மே தொலைபேசியை எடுத்தார். உலர்பக்கத்தில் மணி அடிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மணியோடு ஒரு விளக்கும் மினுக்கும். ரெய்னோவும் துணையாளும் அதற்கு முதுகு காட்டி நின்றார்கள். தலை வந்தது. தடித்து, நீர் கோத்து வந்தது. இரண்டு உருளைகளைக் கடந்தது, அடுத்ததில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய கீற்றின்மேல் கீற்று சுற்றச் சுற்ற உருளை வெள்ளைத் துணி சுற்றிய தலைபோல் பருத்தது. சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும் என்பது விதி. பருக்குமுன் கத்தியால் ஒரு கீறு கீறினால் நிறுத்தாமலே விடுபடும் என்பது பழைய ஆட்களின் வழக்கம். ரெய்னோ பழைய ஆள். இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். உருளைகளின் இடுக்கில் குனிந்து நுழைந்தான். ஈரம் கொதித்து எழுந்த ஆவி அவன்மேல் மூடிக்கொண்டது.

சென்யா சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

மூன்று நிற்கவில்லை.

நிற்காது என்பதை அவள் அறிவாள். இரும்பு மலைகள் அவை. ஆணை கேட்டதும் அடங்கும் பொருள்கள் அல்ல. உந்துவிசை அற்றபின்னும் தம் கனத்தால் தாமே உருண்டு, சினம் தணிந்து, மெல்ல மெல்லவே நிற்கும். எல்லாம் செய்தாயிற்று, இனிச் செய்ய ஒன்றுமில்லை. செய்தது சென்று சேரவுமில்லை. அவள் உதடுகள் 'காத்தருளும்' என்று தொடங்கின. யாரை என்று முடிக்க அவள் அஞ்சினாள். பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்கு ஏதோ நேர்ந்ததாகிவிடும் என்று தோன்றிற்று.

ஆவிக்குள்ளிருந்து உருளையின் வெள்ளை முகடு சுழன்று மேலே வந்தது. அதில் நீலமாக ஏதோ சுற்றியிருந்தது.

ரெய்னோவின் சட்டை நீலம்.

நீலம் மறுபுறம் இறங்கி மறைந்தது. ஹுர்மே படிகளில் ஓடும் ஓசை கேட்டது. நீலம் மறுபடி வந்தது, முன்னிலும் மெதுவாக. அதனுள் கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்க்கவும் கூடாது. அவள் பார்த்தாள். வெள்ளை, நீலம், ஆவி, வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை அது முகட்டுவரை வரவில்லை. மண்டபம் முழுதும் அவள் என்றும் கேட்டறியாத அமைதி நிறைந்தது. நீர் சொட்டும் ஓசை கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

ஆவியிலிருந்து ஒருவன் பின்புறமாக நகர்ந்து வெளிப்பட்டான். சட்டையின் இடப்பக்கம் தோளிலிருந்தே இல்லை. கையுறையும் இல்லை. வெந்து சிவந்த கை ஒன்று தோளிலிருந்து தொங்கியது. அதை அவன் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கண்ணாடியை நோக்கி அண்ணாந்து, உயர்த்தினான். விரல்கள் மூன்று.

இத்தனை ஆண்டும் அவள் அந்தக் கையில் இல்லாத இரண்டையே எண்ணிவந்தாள். அன்றுதான் இருக்கும் மூன்றை எண்ணினாள்.

செவிலி களிம்பு பூசிக் கட்டிய பிறகு அவன் படியேறி அறைக்கு வந்தான். நாற்காலியின் அருகே நின்று அவளுடைய ஆறிய காப்பியைக் குடித்தான்.

"வீட்டம்மா, ஒரு கை தைக்கணும்."

எல்லாரும் அவன் கட்டுப்போட்ட கையை நோக்கினார்கள்.

"சட்டைக்கு" என்றான்.

"நான் ரெண்டு தடவ திருகிட்டேன், ரெய்னோ."

"தெரியும். தலை ஈரமா வந்துது."

"உன்ன யாரு கத்தியோட உள்ள போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல." அவன் கோப்பையின் அடியைப் பார்த்தான். "மொத கீறல்லயே பிரிஞ்சிருக்கும். செத்த பொறுக்கல. மறுபடி கைய விட்டேன். சட்டைய புடிச்சுக்கிச்சு. தையல் போன வருஷமே விட்டிருந்துது, நீதான் தச்சுத் தர்றேன்னு சொல்லிச் சொல்லித் தரல. தச்சிருந்தா..."

இற்ற தையல் சட்டையை மட்டும் கொடுத்துக் கையை மீட்டிருந்தது. தைக்காமல் விட்ட ஊசி வீட்டுப் பெட்டியில் இருப்பது அவள் கண்முன் வந்து நின்றது.

தால்க்விஸ்ட் மூச்சிரைக்க வந்தார். திரையில் உறைந்திருந்த அலையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "கடிகாரம்" என்றார். "என் கடிகாரம்."

"கடிகாரம் வேகமா ஓடும்னு நீங்க மொத நாளே சொன்னீங்க" என்றாள் சென்யா. "கேட்டது காது. கைக்குக் கேக்கல."

அன்று மாலை முறை வருமுன் மூன்று மறுபடி ஓட வேண்டும். ஹுர்மே சொன்னார்: "நீ வீட்டுக்குப் போ, சென்யா. நான் உக்காந்துக்கறேன். கியூரு, நீயும் போ."

"என் துணையாளுக்குக் கை நடுங்குது" என்றான் ரெய்னோ. "எனக்கு ஒரு கைதான் கட்டுப் போட்டிருக்கு. தலைய நான் ஏத்தறேன். கத்திய வேணா நீங்க வெச்சுக்குங்க." கத்தியை உறையோடு எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "ஆனா கூழு அவ கொடுக்கட்டும்."

"ஏன், இன்னைக்கு இவ்ளோ ஆனதுக்கப்புறமுமா?" என்றார் ஹுர்மே.

"இப்பத்தான் அவளுக்குப் பழைய பயம் வந்திருக்கு. மூஞ்சியப் பாருங்க."

அவள் அமர்ந்தாள். கூழை அளந்து கொடுத்தாள், ஒருமுறை. உடனே விரல்கள் மறுமுறைக்குத் துடித்தன. பனிக்கட்டித் துளையிலிருந்து இழுத்துப் போட்ட மீன்போல் அவை மேசைமேல் துள்ளுவதை அவளே கண்டாள். பொம்மை அவற்றுள் இன்னும் இருந்தது. இரு கைகளையும் எடுத்துத் தொடைக்கடியில் இட்டு, அவற்றின்மேல் தன் முழுக் கனத்தையும் வைத்து அமர்ந்தாள்.

கோடு அசையவில்லை. கீழே, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்து, மற்றக் கையை நீட்டிக் கீற்றின் நுனிக்காகக் காத்து நின்றான் ரெய்னோ. கோடு அசையவில்லை. ஒருவேளை குறைவாகக் கொடுத்துவிட்டாளோ. வால்வு கேட்கவே இல்லையோ. நீர் இன்னும் விறைத்ததோ.

"இன்னும் கொஞ்சம் குடு" என்றார் ஹுர்மே மெல்ல.

"கொடுத்தது வராம மறுபடி கொடுக்க மாட்டேன்."

"தலை மெலிஞ்சு அறுந்துரும், சென்யா."

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். ஈரமா போகாது."

கைகள் எலும்புவரை நொந்தன. அவள் எடுக்கவில்லை. கோடு, உறங்கும் ஒன்று மூச்செடுப்பதுபோல், சற்றே உயர்ந்தது. உயர்ந்து, வேண்டிய இடத்தில் நின்றது. தலை வறண்டு, சலசலத்து, உருளை உருளையாகக் கடந்து சுருளைச் சேர்ந்தது. ரெய்னோ அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தினான். அவள் பதிலுக்கு உயர்த்தவில்லை. உயர்த்தக் கை இல்லை.

சனிக்கிழமை வீட்டின் சவுனா எனும் நீராவிக் குளியலறையில் மேற்பலகையில் இருவரும் அமர்ந்திருந்தார்கள். அவன் தோள் உரிந்து புதுத்தோல் தெரிந்தது. நீர்ச்சட்டியிலிருந்து ஒரு கரண்டி மொண்டு காய்ந்த கற்களின்மேல் ஊற்றினான். கற்கள் சீறின. சீற்றம் அடங்கி, வெம்மை மேலே எழுந்து கூரையைத் தொட்டுத் தோள்மேல் இறங்குமுன் ஒரு சிறு அமைதி உண்டு. எல்லா வீட்டிலும் உண்டு. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ரெய்னோ மறுகரண்டி மொண்டான்.

"வேணாம்" என்றாள். குரல் அவளுக்கே அயலாக ஒலித்தது. "மொதல்ல ஊத்தினது வரட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கைகள் எங்கே என்று பார்த்தான். கரண்டியை நீரோடு சட்டியிலேயே வைத்தான்.

வெம்மை வந்தது. தோளில் இறங்கி, முதுகில் பரவிற்று. அதன் பின்னும் அவள் தொடைக்கடியிலிருந்து கைகளை எடுக்கவில்லை.